சிறைக் கட்டடக்கலையும் கைதிகளின் நலனும்

சிறைக் கட்டடக்கலை என்பது கைதிகள் வாழும் அறை, கொட்டடி, முற்றம், மதில் ஆகியவற்றின் அமைப்பைக் குறிக்கும். காவலுக்கான ஏற்பாடாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் உள்ளிருப்பவரின் உறக்கம், உடல்நிலை, சினம், பிறரோடு பழகும் விதம் யாவும் இதைப் பொறுத்தே அமைகின்றன. நீதிமன்றம் பறிப்பது நடமாடும் உரிமையை மட்டுமே. காற்றையும் வெளிச்சத்தையும் மறிக்கும் கட்டடம், தீர்ப்பில் எழுதப்படாத இன்னொரு தண்டனையை விதிக்கிறது.

அந்தமான் செல்லுலார் சிறை இதற்குக் கண்கூடான சான்று. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட அச்சிறையில் நடுக்கோபுரத்திலிருந்து ஏழு பிரிவுகள் ஆரக்கால்களாக விரிந்தன. 693 தனியறைகள் இருந்தன. ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்ததால் கைதிகள் ஒருவரையொருவர் காண முடியவில்லை. அங்கே தனிமையை உண்டாக்கியது காவலரின் கட்டளையைவிடச் சுவரின் திசையே. அத்தகைய தனிமைச் சிறையைச் சிறை அதிகாரிகள் தம் விருப்பப்படி விதிக்க முடியாது என்று சுனில் பத்ரா வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சன்னல் வழியே தெரியும் காட்சிக்கும் உடல்நலத்தில் பங்குண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சிறையொன்றைப் பற்றி 1981இல் வெளிவந்த ஆய்வில், உள்முற்றத்தைப் பார்த்த அறைவாசிகள், வயல்வெளியைப் பார்த்தவர்களைவிட 24 விழுக்காடு அதிகமாக மருத்துவ உதவி நாடியது தெரியவந்தது.

குற்றவாளிக்கு எதற்கு வசதி என்ற கேள்வி எழலாம். ஆனால் 2022 தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, இந்தியச் சிறைவாசிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் அடைபட்டிருந்தனர். நெரிசலைக் குறைக்காமல் கட்டடத்தை மட்டும் திருத்தினால் போதாது என்பதும் உண்மையே. ஆயினும் நெரிசலில்தான் சன்னலின் அகலமும் கழிவறையின் மறைப்பும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. தளர்வான அமைப்பு பாதுகாப்பைக் குலைக்கும் என்ற அச்சத்துக்கு, ராஜஸ்தானின் சாங்கானேரில் 1963 முதல் இயங்கும் திறந்தவெளிச் சிறை விடையளிக்கிறது. அங்குக் கைதிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, வெளியே வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். நன்னடத்தையால் தேர்வானவர்களுக்கே அது பொருந்தும் என்றாலும், உயரமான மதில் மட்டுமே காவல் அல்ல என்பதை அது காட்டுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய காலாப்பட்டில் புதுச்சேரி மத்திய சிறை உள்ளது. அதன் வளாகத்தில் கைதிகள் இயற்கை வேளாண்மை செய்து வருகிறார்கள். மண்ணும் பசுமையும் கண்ணில் படும் இடம் சிறைக்குள்ளும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று. புழுக்கம் மிகுந்த இக்கடற்கரையில் எதிரெதிர்ச் சன்னலும் நிழலும் சலுகைகள் அல்ல, உடல்நலத் தேவைகள். தண்டனை முடிந்து ஊர் திரும்பப்போகிறவர் எப்படிப்பட்டவராகத் திரும்ப வேண்டும் என்று கேட்டுவிட்டே சிறையின் வரைபடத்தை வரைய வேண்டும்.