மட் டிரக்கா, சாண்ட் காரா? சந்திரகிரிக்கு வண்டியைத் திருப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆளுயர டயரோடு சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும் டிரக் ஒன்று. மணல் மேட்டில் எகிறிக் குதித்து இறங்கும், வெறும் குழாய்களால் ஆன கார் இன்னொன்று. ரீல்ஸில் பார்த்தால் இரண்டும் ஒரே விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் சேற்றில் காப்பாற்றும் டயரும் பழக்கமும் மணலில் உங்களைக் கவிழ்த்துவிடும்.

சென்னையிலிருந்து வீக்கெண்ட் ஆஃப்-ரோடு பிளான் போடுகிறவர்களுக்கு சுமார் 150 கி.மீ. தூரத்தில் இருக்கும் சந்திரகிரி எப்போதும் ஒரு சபலம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். ஒரு பக்கம் கோட்டை, பின்னால் சேஷாசலம் மலை, கீழே சுவர்ணமுகி ஆறு. தமிழில் பொன்முகலி என்று பேர் பெற்றது இந்த ஆறுதான். வருஷத்தில் பல மாதம் அது வெறும் மணல். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் வெள்ளம், வடிந்ததும் சேறு. ஒரே இடத்தில் இரண்டு விதத் தரை. அதனால் இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நம் வண்டிக்கு வருவோம்.

மட் டிரக் என்றால் என்ன?

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கை உயரத் தூக்கி, பெரிய இன்ஜின் வைத்து, டிராக்டர் டயர் மாதிரி ஆழமான பற்கள் உள்ள டயர் மாட்டினால் அது மட் டிரக். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும். வேலை எளிது: சேற்றுக்கு மேல் வயிறு தட்டக் கூடாது, டயர் அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்க வேண்டும். பற்களுக்கு நடுவே சேறு அப்பிக்கொண்டால் டயர் வழவழ உருளை ஆகிவிடும். அதனால்தான் டிரைவர் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுகிறார். சேறு தெறித்து, பற்கள் சுத்தமாகும். வீடியோவில் பார்க்கும் அந்தச் சேற்று மழைக்குக் காரணம் இதுதான்.

சாண்ட் கார் என்றால் என்ன?

குழாய்களால் ஆன கூண்டு, இன்ஜின் பின்னால், பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும் சக்தி. இதன் வேர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் பீட்டில் பாகங்களை வைத்துக் கட்டிய மேயர்ஸ் மேங்க்ஸ், டியூன் பக்கி என்ற வகையையே பிரபலமாக்கியது. எடை பின் சக்கரத்தின் மேல் விழும், முன்பக்கம் லேசாக மிதக்கும். பின் டயரில் படகுத் துடுப்பு போலக் குறுக்கே பட்டைகள் இருக்கும். மணலை அள்ளிப் பின்னால் தள்ளும். முன் டயர் கிட்டத்தட்ட வழவழப்பு, திசை திருப்ப மட்டும் ஒரு வரி.

நேருக்கு நேர்

எடை: மட் டிரக் கனமாக இருந்தாலும் சமாளிக்கும், அடியில் கெட்டித் தரை கிடைக்கும் என்ற நம்பிக்கை. மணலுக்கு அடியில் அப்படி எதுவும் சீக்கிரம் கிடைக்காது. அங்கே லேசாக இருப்பதுதான் பலம்.

டயர்: சேற்றுக்கு ஆழமான பல். அதே டயரை மணலில் சுழற்றினால் நமக்கு நாமே குழி தோண்டுகிறோம்.

ஆக்சிலரேட்டர்: சேற்றில் சிக்கினால் கொஞ்சம் சுழற்றிப் பார்க்கலாம். மணலில் சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்த அந்த நொடியே காலை எடுக்க வேண்டும்.

நிறுத்துவது: மணலில் பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும், திரும்பக் கிளம்புவது கஷ்டம். ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், வண்டி தானே நிற்கும்.

சரிவு: மணல் மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் கவிழும். சேற்றில் அதிகம் நடப்பது வழுக்கிப் பக்கவாட்டில் போவது.

பராமரிப்பு: சேறு ரேடியேட்டரையும் பிரேக்கையும் அடைக்கும். மணல் ஏர் ஃபில்டரைக் கொல்லும்.

இங்கே இவற்றை ஓட்டலாமா?

பொதுச் சாலையில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182-ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யூடியூப் பார்த்துவிட்டு தார் வண்டியை ஒரு அடி தூக்கலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்கவும். குழாய்க் கூண்டு பக்கிகளுக்குச் சாலைப் பதிவே கிடைக்காது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் தனியார் நிலத்தில்தான் ஓட்ட வேண்டும்.

அப்போ தார், ஜிம்னி, கூர்கா எதற்கு?

இவை இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பவை. 2020-ல் வந்த தார் தரையிலிருந்து 226 மி.மீ. உயரம், 650 மி.மீ. ஆழத் தண்ணீர் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். சேற்றுக்கு அது கை கொடுக்கும். 2023-ல் வந்த ஜிம்னி சுமார் 1,200 கிலோதான். மணலில் அந்த லேசு பெரிய வரம். ஃபோர்ஸ் கூர்காவில் முன், பின் இரண்டு டிஃபரென்ஷியலையும் லாக் செய்யலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும்.

லட்சக்கணக்கில் செலவழிப்பதற்கு முன், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆள், பையோடு ஜிம்னி 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 145 சதுர செ.மீ.; விரித்த ஒரு கை அளவு. காற்றை 16 பிஎஸ்ஐ-க்குக் குறைத்தால் 290, இரண்டு கை அளவு. டயரின் பக்கச் சுவர் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். ஆனால் திசை இதுதான்: பைசா செலவில்லாமல் டயர் தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. மணலில் 15 முதல் 18 பிஎஸ்ஐ பொதுவான வழக்கம். ஒரே எச்சரிக்கை: அதே காற்றோடு ஹைவேயில் ஏறாதீங்க. டயர் சூடாகி வெடிக்கலாம். காற்று நிரப்பும் சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருந்தே ஆக வேண்டும்.

சந்திரகிரியில் எங்கே ஓட்டலாம்?

நேர்மையான பதில்: மலையில் கிடையாது, ஆற்றிலும் வேண்டாம்.

முதலில் மலை. சேஷாசலம் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் 1989-ல் அமைந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் இருக்கிறது. அனுமதியில்லாமல் பூங்காவுக்குள் நுழைந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதோடு இது செம்மரக் காடு. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை ஒட்டிய இந்தக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரப் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். செம்மரம் கடத்தியவர்கள் என்றது போலீஸ். அது போலி என்கவுன்ட்டர் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. இன்றும் செம்மரத்துக்காகத் தனிப்படை ரோந்து போகும் பகுதி. இருட்டின பிறகு, தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியோடு, டிரெயில் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் திரிவது விளையாட்டு கிடையாது.

அடுத்து ஆறு. காய்ந்த சுவர்ணமுகி தட்டையாகத் தெரியும், ஆனால் மேலே உலர்ந்த மணல், கீழே ஈரம் என்று அடுக்கு மாறிக்கொண்டே இருக்கும். மணல் அள்ளிய குழி எங்கே மூடிக் கிடக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். மேலே கல்யாணி அணை இருக்கிறது. மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடலாம். 2021 நவம்பரில் இந்த ஆறு திருப்பதியைச் சுற்றிய ஊர்களை எப்படி மூழ்கடித்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். முக்கியமான இன்னொன்று: கரையில் இருக்கும் விவசாயிகளின் கிணறு ஊறுவது இந்த மணலை நம்பித்தான். உங்களுக்கு டிராக், அவர்களுக்கு அது தண்ணீர்த் தொட்டி.

கடற்கரை இதற்கு மாற்றா?

அதுவும் இல்லை. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடும். மணலுக்குள் இருக்கும் முட்டை மேலே போகும் சக்கரத்துக்குத் தெரியாது. 2024 ஜூனில் குஜராத்தின் முந்த்ரா அருகே ரீல்ஸுக்காகக் கடலில் இறக்கிய இரண்டு தார் வண்டிகள் சிக்கிக்கொண்டன. போலீஸ் வழக்கும் பதிந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் குதிரைமொழித் தேரி செம்மணல் பாலைவனம் மாதிரித் தெரிந்தாலும் அது காப்புக்காடு.

பிறகு எங்கேதான் போவது?

சேறு வேண்டுமா? தனியார் பண்ணை நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு, அனுபவமுள்ளவர்கள் நடத்தும் டிரெயில் பாருங்கள். முறையாகக் கற்க, மகாராஷ்டிராவின் இகத்புரியில் மஹிந்திராவின் ஆஃப்-ரோடு பயிற்சி மையம் இருக்கிறது. எல்லை எதுவரை என்று பார்க்க, 2014 முதல் கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச். மணல் வேண்டுமா? ஜெய்சல்மேர் அருகே சாம் மணல்மேட்டில் உள்ளூர் டிரைவரோடு ஜீப் சவாரி கிடைக்கும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைக் கவனியுங்கள்.

கிளம்பும் முன்

தனியாகப் போகாதீங்க, குறைந்தது இரண்டு வண்டி.

கயிறு கட்டி இழுக்கும்போது வண்டியின் சேஸிஸில் உள்ள டோ ஹூக்கில் மட்டும் மாட்டுங்கள், கயிற்றின் மேல் கனமான துணி போடுங்கள், மற்றவர்கள் கயிற்று நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கட்டும். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீங்க. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிடும். பந்தயத்தில் நேர்ந்த சேதத்துக்கும் பாலிசி பொருந்தாது.

திரும்பி வந்ததும் சேறு என்றால் அடிப்பாகம், பிரேக், ரேடியேட்டரைக் கழுவுங்கள்; மணல் என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

சந்திரகிரிக்கும் தாராளமாகப் போங்க. கோட்டையைப் பாருங்க. வண்டி மட்டும் தார் ரோட்டிலேயே நிற்கட்டும்.