விசேஷ விருந்து எந்த இரவில்?

கப்பல் சுற்றுலா போகும் குடும்பங்கள் நம் குடியிருப்பிலும் கூடிவருகின்றன. அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு, பிள்ளைக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். டிக்கெட் எடுத்ததுமே வரும் கேள்வி: விசேஷ விருந்தை எந்த இரவில் வைத்துக்கொள்வது? 'நல்ல ஊரில் கப்பல் நிற்கும் நாளில்' என்றுதான் பலரும் சொல்கிறார்கள். கப்பல் கம்பெனிகள் செய்வது இதற்கு நேர் எதிர். கோட்டும் பட்டுப் புடவையுமாக உட்காரும் பெரிய விருந்துகளை, எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கடலிலேயே போகும் நாட்களில்தான் அவை பெரும்பாலும் வைக்கின்றன. ஏறிய இரவையும் இறங்குவதற்கு முந்தைய இரவையும் கூடுமானவரை தவிர்க்கின்றன. ஏன் இப்படி என்று தேடினால் 150 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. இரண்டு பக்கமும் சக்கரம் சுழன்று ஓடும் பழைய கப்பல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் கடற்படையில் வேலை பார்த்தது. இந்த முறை போரும் இல்லை, சரக்கும் இல்லை. மத்தியதரைக் கடல் ஊர்களையும் புனித பூமியையும் பார்த்துவிட்டுத் திரும்புவது ஒன்றே நோக்கம். தலைக்கு 1,250 டாலர், ஐந்து மாதப் பயணம். சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றின் செலவில் 31 வயது நிருபர் ஒருவரும் ஏறினார். அவர்தான் மார்க் ட்வைன். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய 'தி இன்னொசன்ட்ஸ் அப்ராட்' 1869இல் வெளிவந்தது. எல்லோரும் அதை நகைச்சுவைக்காகப் படிப்பார்கள். சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு படித்தால் அது வேறு புத்தகம்.

அட்லாண்டிக்கைக் கடந்து ஜூன் 21இல் அசோர்ஸ் தீவுகள் கண்ணில் பட்டன. போக நினைத்தது சான் மிகுவேல் தீவுக்கு. புயல் வந்ததால் கிட்டே இருந்த ஃபாயல் தீவில் கப்பல் ஒதுங்கியது. ஆக, முதல் துறைமுகமே திட்டத்தில் இல்லாத துறைமுகம். பத்து நாள் கடலைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு மண்ணை மிதித்ததும் கொண்டாடத் தோன்றாதா? ட்வைன் புளூச்சர் என்று குறிப்பிடும் பயணி, ஊரில் எல்லாம் மலிவு என்று கேள்விப்பட்டு, ஒன்பது நண்பர்களை அழைத்து ஊரின் முக்கியமான ஹோட்டலில் விருந்து வைத்தார். நல்ல ஒயின், சுருட்டு, கதை, சிரிப்பு. கடைசியில் பில் வந்தது. பத்துச் சாப்பாடு 6,000 ரெய்ஸ். இருபத்தைந்து சுருட்டு 2,500. பதினோரு பாட்டில் ஒயின் 13,200. மொத்தம் 21,700.

புளூச்சருக்கு உயிரே போய்விட்டது. மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. கையில் இருப்பதே அவ்வளவுதான், 150 டாலரை வைத்துக்கொள், அதற்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று அவர் கத்த, ஹோட்டல்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு வெளியே போய் பில்லை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். ஆயிரம் ரெய்ஸ் ஒரு டாலர். மொத்தத் தொகை 21 டாலர் 70 சென்ட்! இந்தோனேசியா போய் ஒரு காபிக்கு ஐந்து இலக்கத்தில் பில் பார்த்தவர்களுக்கு இந்த அதிர்ச்சி புதிதல்ல. புளூச்சர் தப்பித்தது மலிவால்தான். யோசித்துச் செய்ததால் அல்ல. கப்பல் எப்போது கிளம்பும், நாணயம் என்ன, கணக்கு என்ன என்று எதுவும் தெரியாமல் கரையில் வைத்த விருந்து அது.

அதே கப்பலில் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு விருந்து நடந்தது. ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். ஜிப்ரால்டரை விட்டாகிவிட்டது, மார்சேய் இன்னும் வரவில்லை, நடுக்கடல். காலையிலேயே கப்பலை அலங்கரித்தார்கள். பின்தளத்தில் பந்தல் போட்ட மாதிரி துணி கட்டி, இருந்த இரண்டு மூன்று வாத்தியங்களை வைத்துக்கொண்டு பாட்டு. மாலை விருந்தில் ஷாம்பெயின், வரிசையாகச் சொற்பொழிவுகள். அத்தனையும் படுமோசம், கேப்டன் டங்கன் பேச்சு ஒன்றைத் தவிர என்கிறார் ட்வைன். எல்லோரும் நீடூழி வாழ்க என்று வாழ்த்திவிட்டு, இன்னொரு கூடை ஷாம்பெயின் கொண்டுவரச் சொன்னதுதான் கேப்டனின் முழுப் பேச்சு. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, யாரும் பில்லைப் பார்த்துப் பதறவில்லை. மறுநாள் மாலை மார்சேய். இன்று கப்பல் கம்பெனிகள் பெரிய விருந்துக்குக் கடல் நாளைத் தேர்ந்தெடுப்பதன் நியாயம் முழுவதும் அந்த ஒரு மாலையில் இருக்கிறது.

பிறகு வந்த துறைமுகங்கள் இதைத்தான் உறுதிப்படுத்தின. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கப்பல் நின்றது. ஆனால் நோய்த்தடுப்பு விதி. பதினோரு நாள் காத்திருக்காமல் இறங்கக் கூடாது என்றார்கள். அவ்வளவு நாள் யாரால் காத்திருக்க முடியும்? பொருட்களை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்புவது என்று முடிவானது. ட்வைனும் மூன்று பேரும் இரவோடு இரவாகத் திருட்டுத்தனமாக இறங்கி நடந்து, நிலவில் அக்ரோபோலிஸைப் பார்த்துத் திரும்பினார்கள். ஏதென்ஸ் மண்ணில் அவர்களுக்குக் கிடைத்த விருந்து, வழித் தோட்டங்களில் திருடிய திராட்சை. கான்ஸ்டான்டினோபிளில் துருக்கிச் சாப்பாட்டை ஆவலோடு தேடிப் போனால், அடுப்பிலிருந்து எடுத்து வைத்த இறைச்சியை ஒரு நாய் வந்து கவ்வ, சமையல்காரர் அதை வாங்கி இவர்கள் முன்னாலேயே வைத்தாராம். சைவச் சாப்பாடு தேடி வெளியூரில் அலைபவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குத் துறைமுக நாளைத் தீர்மானித்தது நிலக்கரி. ஏடன், போர்ட் சயீத், கொழும்பு என்று ஒவ்வொரு இடத்திலும் கப்பல் கரி ஏற்ற வேண்டும். கூடை கூடையாகக் கரி ஏறும்போது கறுப்புத் தூசி எங்கும் படியும். வட்ட ஜன்னல்களை அடைத்துவிடுவார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. இந்த நிலையில் வெள்ளை மேசைவிரிப்பு போட்டு விருந்து வைப்பது எப்படி? காசுள்ள பயணிகள் கரைக்குப் போய்விடுவார்கள். அவர்களை நம்பியே துறைமுக ஹோட்டல்கள் வளர்ந்தன. கொழும்பில் காலிமுக ஹோட்டல் 1864இல் வந்தது. துறைமுகத்துக்கு எதிரிலேயே கிராண்ட் ஓரியண்டல் 1875இல் வந்தது. 1885இல் அலைதடுப்புச் சுவர் முடிந்தபின் காலித் துறைமுகத்தின் இடத்தைக் கொழும்பு முழுதாகப் பிடித்துக்கொண்டது.

அந்த ஹோட்டல் மேசையில் சோறும் கறியும் சாப்பிட்டதைப் பற்றிப் பயணிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நேரத்தில் கொழும்புத் துறைமுகத்தில் சுமை தூக்கிய தொழிலாளர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் ஏராளம். அவர்கள் அன்று இரவு என்ன சாப்பிட்டார்கள் என்பதை எந்தப் பயணியும் எழுதவில்லை.

ஏறிய இரவையும் கடைசி இரவையும் ஒதுக்குவதற்குக் காரணம் இன்னும் எளிது: பெட்டி. முதல் நாள் டிரங்குப் பெட்டிகள் திறந்திருக்காது. கடைசி நாள் எல்லாவற்றையும் கட்டி வைத்தாகிவிடும். ஆகவே அந்த இரண்டு இரவும் விருந்து உடை தேவையில்லை என்பது பெரிய கப்பல்களில் எழுதாத விதியாகவே இருந்தது. இன்று சக்கரம் வைத்த சூட்கேஸ் வந்துவிட்டது, கரி போய் எண்ணெய் வந்துவிட்டது. விதி மட்டும் அப்படியே நிற்கிறது. கப்பலில் தனிக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் முதல் இரவிலும் துறைமுக நாட்களிலும் பல சமயம் காலியாக இருப்பது இதனால்தான். கூட்டம் வேண்டாம், நாலு பேர் அமைதியாகச் சாப்பிட்டால் போதும் என்பவர்கள் அந்த இரவுகளைப் பிடித்துக்கொள்ளலாம். பெரிய கொண்டாட்டம் என்றால் கடல் நாளே சரி.

இந்தக் கணக்கில் நடந்த மிகப் பிரபலமான விருந்து டைட்டானிக்கில்தான். 1912 ஏப்ரல் 10 மாலை அந்தக் கப்பல் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் நின்று புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவு 8 மணி தாண்டிக் கிளம்பியது. மறுநாள் பகலில் அயர்லாந்தின் குயீன்ஸ்டவுன். அதற்கப்புறம் நியூயார்க் வரை கரை கிடையாது. பிலடெல்பியா செல்வந்தர் வைடனர் குடும்பம், கேப்டன் ஸ்மித்தைக் கௌரவித்து விருந்து வைக்கத் தேர்ந்தெடுத்தது 14ஆம் தேதி ஞாயிறு இரவை. கடைசித் துறைமுகத்தை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஊர் போய்ச் சேர இன்னும் மூன்று நாள். விதிப்படி அதைவிடப் பொருத்தமான இரவு கிடையாது. கேப்டன் 9 மணி வாக்கில் எழுந்து பணிக்குப் போனார். 11.40க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது.

அந்த விருந்து நடந்தது பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் அல்ல. தனிக் கட்டணம் வாங்கும் உணவகத்தில். அதை நடத்தியவர் காட்டி என்ற இத்தாலியர். சமையலுக்கும் பரிமாறவும் அவர் அழைத்து வந்தவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர். பிழைத்தவர்கள் மூன்றே பேர்: காசாளர் பெண்கள் இருவர், எழுத்தர் ஒருவர். காட்டியும் போனார். வைடனரும் மகன் ஹாரியும் போனார்கள். மனைவி எலினோர் உயிர்காப்புப் படகில் தப்பி, மகன் பெயரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார்.

குயீன்ஸ்டவுனை விட்ட அன்று, ஏப்ரல் 11 இரவு, முதல் வகுப்பில் பரிமாறிய சாப்பாட்டின் மெனு அட்டை ஒன்று 2023 நவம்பரில் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. சிப்பி, சால்மன், வாத்து, விக்டோரியா புட்டிங். அது விசேஷ விருந்துகூட அல்ல, சாதாரண இரவுச் சாப்பாடு. தண்ணீர் பட்டு எழுத்துகள் பாதி அழிந்துபோன அந்த அட்டை 80,000 பவுண்டுக்கு மேல் விலை போனது.