உறங்கும் வழக்கும் விழித்திருக்கும் சட்டமும்

வழக்குத் தொடுத்தல் எளிது. தொடுத்த வழக்கை முடிவுவரை நடத்துதல் அரிது. பண்டை உரோமர் இதனை நன்கறிந்திருந்தனர். வழக்குகள் மனிதரின் ஆயுளையும் கடந்து நீளுதல் கண்ட யுஸ்தினியன் பேரரசன், கி.பி. 530ஆம் ஆண்டில், அவை மூன்றாண்டுகளுள் முடிவெய்துதல் வேண்டுமென விதித்தான்.

இலங்கையில் 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் மாவட்ட நீதிமன்றங்களைத் தோற்றுவித்தது. அவற்றின் நடைமுறையை 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய குடியியல் நடவடிக்கைக் கோவை வகுத்தது. தவணை நாளில் வழக்காளி தோன்றாவிடின் வழக்குத் தள்ளுபடியாகும். இஃதன்றி இன்னொரு விதியும் உண்டு. இறுதிக் கட்டளை பதிவான பின்னர், தான் எடுக்கவேண்டிய நடவடிக்கையை எடுக்காது வழக்காளி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வாளாவிருப்பின், வழக்கு அற்றுப்போயிற்று என நீதிமன்றம் கட்டளையிடலாம் என்பது 402ஆம் பிரிவு.

இதன் விளைவு கடுமையானது. அதே காரணத்தின் மீது மீண்டும் வழக்குத் தொடுத்தல் இயலாது. உண்மை எவர் பக்கம் என ஆராயப்படாமலே ஒருவரின் உரிமை மறையக்கூடும். எனினும், தக்க காரணத்தால் தடைப்பட்டதை நியாயமான காலத்துள் மெய்ப்பிப்பவருக்கு 403ஆம் பிரிவு கதவைத் திறந்து வைத்துள்ளது. மேலும், வழக்காளி செய்தாகவேண்டுமெனச் சட்டம் கட்டாயமாக்கிய கருமத்தைச் செய்யத் தவறினாலன்றி இவ்விதியை ஏவலாகாது என உயர் நீதிமன்றம் 1908ஆம் ஆண்டிலேயே தெளிவுறுத்தியது. நீதிமன்றத்தின் தாமதத்துக்கு வழக்காளி தண்டனை பெறுதல் முறையன்று அன்றோ?

இனி, நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை போன்ற கீழ்க்கரை ஊர்களை நோக்குவோம். இங்கு எழும் காணி வழக்குகள் கல்முனை மாவட்ட நீதிமன்றத்தை நாடிச் செல்வன. முஸ்லிம்களின் மரணசாசனமில்லா உரிமைவழியை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒப்புக்கொண்டது. மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்குண்டு. இரு தலைமுறை பிரிக்காது விடின் ஒரு வளவுக்குப் பங்காளர் பலராவர். அத்தகைய வழக்கில் வழக்காளி ஒருவர் சோர்ந்தால் அனைவரும் அல்லலுறுவர். ஆதலின், பாகப்பிரிவினை வழக்கு நடத்தப்படாமையால் அற்றுப்போகாது என 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. வழக்காளி அசட்டை செய்யின், எதிராளிகளுள் ஒருவரே அவரிடத்தில் நின்று வழக்கை நடத்த நீதிமன்றம் இடமளிக்கலாம். முயன்றும் பயனில்லாதபோதே தள்ளுபடி.

வாளாவிருந்தோர் யாவரும் சோம்பர் அல்லர். ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் நிலவுரிமையை நீதிமன்றிற் கோர இயலாதிருந்தோர்க்கென, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கினின்றும் நீக்க வழிசெய்தது. அது வழக்குத் தள்ளுபடி பற்றிய சட்டமன்று. ஆயினும் அதன் நெறி ஒன்றே. உறங்கியவரையும் ஒடுக்கப்பட்டவரையும் ஒரே கோலால் அளத்தல் நீதியாகாது.

விழிப்புடையோர்க்கே சட்டம் துணை என்பர். ஆகவே நேயர்கள் தவணை நாளைக் குறித்து வைப்பதும், சட்டத்தரணியிடம் வழக்கின் நிலையை இடையிடையே வினவுவதும், தடை நேரின் அதற்குரிய சான்றைப் பேணுவதும், முன்னோர் தேடிய நிலத்தைக் காக்கும் வேலிகளாம்.