மதிப்பீட்டாளருக்கு மொழி தெரிய வேண்டும்

தமிழ் மரபில் நூலை எழுதி முடித்தால் மட்டும் போதாது, அவையேற வேண்டும். கற்றோர் தடை எழுப்ப, நூலாசிரியர் விடை சொல்லி நிறுவிய பின்பே நூல் நிலைபெறும். இன்றைய ஆய்விதழ்களில் சக அறிஞர் மதிப்பீடு செய்யும் வேலையும் இதுதான். ஆயினும் இந்த மதிப்பீட்டு முறை நாம் நினைக்குமளவு பழையதன்று. 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழைத் தொடங்கிய ஹென்றி ஓல்டன்பர்க், எதை அச்சிடுவதென்பதைப் பெரும்பாலும் தாமே முடிவுசெய்தார். எழுத்துமூல மதிப்பீடு அச்சபையில் 1830களில்தான் தொடங்கியது. ‘நேச்சர்’ இதழ் 1973இல்தான் அதைக் கட்டாயமாக்கியது. தேவைக்கேற்ப மனிதர் வகுத்த ஏற்பாடு இது. உளநல ஆய்வின் தேவைக்கேற்ப இதை இன்னும் திருத்த வேண்டும் என்பதே என் வாதம்.

இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் முறை லண்டனிலும் கண்டியிலும் ஒன்றுதான். உளநல ஆய்விலோ அளவுகோல் பெரும்பாலும் வினாக்கொத்து. வினாவோ சொற்களால் ஆனது. பேராதனையில் சமூகவியல் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலின் ஆழத்தைக் காட்டியது. வாழ்வு துன்பமயமானது என்று சொல்லும் பௌத்தரை மேலைநாட்டு அளவுகோல் மனச்சோர்வு நோயாளி என்று பதிந்துவிடக்கூடும். அவருடைய ஊராருக்கோ அவர் நல்ல பௌத்தர். தெற்காசியாவில் விந்திழப்பு பற்றி நிலவும் அச்சத்தை ஒரு நோயாக வரையறுத்து அமெரிக்காவில் அளந்தால், அங்கும் ‘நோயாளிகள்’ அகப்படுவார்கள் என்றும் அவர் வாதிட்டார். எண்கள் பிழையின்றிப் பொருந்தும், பொருள்தான் இருக்காது.

கண்டிக்கு அருகிலுள்ள மடவளையை எண்ணிப் பாருங்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர் அது. அங்கே ஒரு தாய் ‘நெஞ்சு பாரமா இருக்கு’ என்றால் அது உடல்நோவா, துயரமா? ‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்’ என்றால் அது நம்பிக்கையிழப்பா, நம்பிக்கையின் உறுதியா? ஆங்கில அட்டவணையை மட்டும் படிக்கும் தொலைதூர மதிப்பீட்டாளருக்கு இந்தக் கேள்வியே எழாது. இலங்கைப் பண்பாட்டுக்கென உருவான ‘பேராதனை மனச்சோர்வு அளவுகோல்’ 2012இல் வெளிவந்ததே, இறக்குமதியான வினாக்கள் இங்கே போதவில்லை என்பதற்குச் சான்று.

அளவுகோல்களை மொழிபெயர்த்துப் புள்ளிவிவர முறையில் சரிபார்க்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். விடைகள் ஒன்றோடொன்று இசைகின்றன என்பதைப் புள்ளிவிவரம் காட்டும். அவை எதைக் குறிக்கின்றன என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. இதைவிட வலுவான தடை ஒன்றுண்டு: சிறிய நாட்டில் துறையறிஞர் ஒருவரையொருவர் அறிவர், பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும், பக்கச்சார்பு புகும். இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து உள்ளூர் அறிவை ஒதுக்குவதன்று. ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ 1999இல் மதிப்பீட்டாளரின் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. மறைக்க முடியாத இடத்தில் வெளிப்படையே காவல். முறையியலைப் பார்க்க வெளிநாட்டவர் ஒருவர், சொற்பொருளைப் பார்க்க உள்ளூர் மொழியறிந்தவர் ஒருவர் என இருவரும் சேர்ந்தால் ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவார்.

2010 முதல் வெளிவரும் ‘இலங்கை உளமருத்துவ ஆய்விதழ்’ போன்றவை இதற்கு வழிகாட்டலாம். மடவளையில் தமிழில் கேட்ட கேள்வியைத் தமிழிலேயே கட்டுரையுடன் அச்சிடுங்கள். தமிழறிந்த ஒருவர் அதைப் படித்து ஒப்பாமல் எந்தக் கட்டுரையையும் ஏற்காதீர்கள்.