கையின் நேரமும் கடிகாரத்தின் நேரமும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதக் கை உழைப்பின் உறுப்பு மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்பது 1876 இல் ஏங்கெல்ஸ் எழுதிய, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கு பற்றிய கட்டுரையின் மையக் கருத்தாகும். அக்கை ஓர் இலக்கை நோக்கிச் செல்லுகையில் வேகமும் துல்லியமும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்னும் வினா, இயந்திரத் தொழில் முதிர்ந்த காலத்திலேயே முறையான ஆய்வுக்குரியதாயிற்று. அவ்வாய்வை உளவியலின் உள்வரலாறாக மாத்திரம் நோக்குதல் போதாது. கையின் நேரத்தை நிர்ணயிப்பவர் யார் என்னும் வினாவும் அதனுடன் பிணைந்துள்ளது.

இத்துறைக்கு அடித்தளமிட்டது, 1899 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் வூட்வேர்த் நிகழ்த்திய கலாநிதிப் பட்ட ஆய்வாகும். சுழலும் உருளையிற் சுற்றிய தாளில், தாளக் கருவியின் ஒலிக்கேற்பப் பென்சிலால் முன்னும் பின்னுமாகக் கோடுகள் வரையச் செய்து, அவற்றின் பிழைகளை அவர் அளந்தார். கண் திறந்திருக்கையில் வேகம் கூடக்கூடப் பிழையும் கூடியது. கண்ணை மூடியபோதோ மெதுவாக வரைந்தும் பிழை குறையவில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 அசைவுகளை எட்டியதும் இரண்டுக்குமிடையிலான வேறுபாடு மறைந்தது. எனவே இலக்கு நோக்கிய அசைவில் இரு கட்டங்கள் உள்ளன என்றார் வூட்வேர்த்: முதலாவது, முன்னரே தீர்மானிக்கப்பட்ட உந்தல், இரண்டாவது, இலக்கை அண்மிக்கையில் கண்ணின் துணையோடு நிகழும் திருத்தம். திருத்தத்துக்கு நேரம் வேண்டும். அது மறுக்கப்படின் துல்லியம் குன்றும்.

இதே காலப்பகுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலே பிரெடெரிக் ரெய்லர் நிறுத்தற் கடிகாரத்துடன் உழைப்பைக் கூறுகளாகப் பிரித்து அளந்துகொண்டிருந்தார். அவரது முறையில், வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொழிலாளியிடமிருந்து முகாமைக்குக் கைமாறியது. 1911 இல் வோட்டர்ரவுன் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர் கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். 1915 இல் அமெரிக்கக் காங்கிரஸ், படைத்துறைப் பணத்தைக் கடிகார அளவீட்டுக்குச் செலவிடுதலைத் தடைசெய்தது.

சோவியத் அனுபவமும் முரண்பாடற்றதன்று. 1914 இல் ரெய்லர் முறையை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவதெனக் கண்டித்த லெனின், 1918 இல் அதன் விஞ்ஞானக் கூறுகளைக் கற்குமாறு வலியுறுத்தினார். 1920 இல் அலெக்சி காஸ்தேவ் மொஸ்கோவில் மத்திய தொழில் நிறுவகத்தை அமைத்தார். அங்கு நிக்கொலாய் பேர்ன்ஷ்தைன், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளியின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தியலின் பாதை பெரிதும் மாறாதிருக்க, தோள், முழங்கை ஆகியவற்றின் பாதைகள் அடிக்கடி மாறக் கண்டார். தேர்ந்த கை ஒரே அசைவை மீட்டும் நிகழ்த்துவதில்லை. ஒரே பிரச்சினையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கின்றது. அசைவுக்கு ஒரேயொரு சிறந்த வழியுண்டு என்ற கொள்கையை இக்கண்டுபிடிப்பு அடியோடு ஆட்டியது. ஆயின் காஸ்தேவ் 1939 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948 இல் ஸ்ராலின் பரிசு பெற்ற பேர்ன்ஷ்தைன், சில ஆண்டுகளில் தம் ஆய்வுகூடத்தை இழந்தார். இதனை நாம் மூடிமறைத்தல் ஆய்வறமாகாது.

போருக்குப் பின், அமெரிக்க வான்படை ஆய்வுகூடத்திற் பணியாற்றிய போல் பிற்ஸ், 1954 இல் இவ்வுறவுக்குக் கணித வடிவம் தந்தார். இரு தட்டுகளைக் கோலொன்றினால் மாறிமாறித் தொடச் செய்த சோதனை அது. இலக்கின் அகலத்தைப் பாதியாக்குவதும் தூரத்தை இருமடங்காக்குவதும் அசைவு நேரத்தை ஏறத்தாழ ஒரே அளவினாற் கூட்டும் என்பது அவரது விதி. 1978 இல் கணினிச் சுட்டியின் திறனை மதிப்பிடவும் இவ்விதி பயன்பட்டது.

இவ்விதி எவ்வர்க்கத்தின் உடைமையுமன்று. எனினும் அதன் சமூக உட்பொருள் தெளிவானது. இலக்கைச் சிறிதாக்கிவிட்டு நேரத்தைக் கூட்ட மறுக்கும் முகாமை, தவிர்க்கவியலாத பிழையைத் தொழிலாளியின் கவனக்குறைவென்று பதிவுசெய்கின்றது. அப்பிழை கையினுடையதன்று, நேரத்தை வகுத்தவனுடையது என்று வாதிடுவதற்கான சான்று 1899 முதலே உழைக்கும் மக்களுக்கு உண்டு. அச்சான்றை ஆய்வேடுகளிலிருந்து தொழிற்சங்கங்களின் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுசெல்லல் எம்மனோரின் கடமையாகும்.