ரிஷிகேஷ் ராஃப்டிங்

உத்தராகண்டில் கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் இடையே, கங்கையின் சீறும் நீரோட்டத்தில் காற்றடைத்த ரப்பர் படகிலும் கயாக்கிலும் துடுப்பு போட்டுச் செல்லும் சாகச விளையாட்டு. புதியவர்கள் பெரும்பாலும் சிவபுரியில் ஏறுகிறார்கள். அங்கிருந்து ரிஷிகேஷ் சுமார் 16 கி.மீ. ஆற்றின் சீற்றம் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கப்படுகிறது. பியாசி அருகிலுள்ள ‘தி வால்’ என்னும் சீற்றப் பகுதி இங்கே மிகக் கடினமானவற்றுள் ஒன்று.

பாறையைத் தாண்டி விழும் நீர் சுழன்று பாறையை நோக்கியே திரும்பும். இப்படி உருவாகும் குழியில் பக்கவாட்டில் சிக்கும் படகு எளிதில் கவிழும். முகப்பை நேரே வைத்து, வழிகாட்டியின் குரலுக்கு எல்லோரும் ஒன்றாகத் துடுப்பு வலிக்க வேண்டும். கயாக்கில் துணை கிடையாது. கவிழ்ந்தால் இடுப்பை வெடுக்கெனத் திருப்பித் துடுப்பால் நிமிரத் தெரிந்தவரே உண்மையான கயாக்கர்.

நீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலவே கூடாது; கால் பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, பாதங்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் படகு விடுவதில்லை.