புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் கூலித் தொழிலாளர்களைக் கொன்று குவித்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. தமிழர்கள் வசதியாகச் சாப்பிட்டவர்கள் அல்லர். சீனர்கள் ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்டார்கள் என்பதை அங்கே பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். கையில் காசில்லாதவரின் உடல்நலம், அவர் கூடுதலாக எதை வாங்குகிறார் என்பதைவிட, அன்றாடம் வாங்கும் தானியம் எப்படிப் பக்குவப்பட்டு வருகிறது என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது என்று நான் கருதுவதற்கு இந்த வரலாறே ஆதாரம்.

தமிழரைக் காத்தது பருப்பும் புளியுமாக இருக்கக்கூடாதா, இடத்தின் தன்மையாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சயாமிலிருந்து வந்த பச்சரிசி, மற்றதற்கு இந்தியப் புழுங்கல். மற்ற உணவெல்லாம் ஒன்றே. பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள். இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றிக் குடியமர்த்தியும் நோய் அரிசியின் பின்னாலேயே போனது. (இன்று எந்த நெறிக்குழுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.) நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள, பெரிபெரியைத் தடுக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும், உலையிலிடுமுன் களைந்தாலும் அதில் பெரும்பகுதி தங்குகிறது. காய்கறிக்கும் பருப்புக்கும் பணம் எட்டாத வீட்டில் தட்டு நிறைய இருப்பது சோறுதான். அதில் தங்கிய அந்தச் சிறு அளவே உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்றது. நெல் அவிக்க உமியே எரிபொருளாயிற்று. மற்றபடி செலவானது உழைப்பு, அதிலும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு.

நெல் அவித்தவர்கள் வைட்டமினை அறிந்து செய்யவில்லை என்பது உண்மை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசி பூச்சி பிடிக்காமல் நாள்பட இருக்கும். அவர்களுக்கு அதுவே போதுமான காரணம். முன்னோரின் ரகசிய விஞ்ஞானம் என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் விளைவை மறுக்கவும் முடியாது. இந்தியாவிலும், அன்றைய சென்னை மாகாணத்தில், ஆலைப் பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது; புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது தலைகாட்டவில்லை. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் மருத்துவர் மெக்காரிசனும் அவருக்குப் பின் மருத்துவர் ஐக்ராய்டும் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். அரிசியையே நம்பிய ஏழைகளின் உணவில் சுண்ணாம்புச் சத்தும் ஏ வைட்டமினும் போதவில்லை என்றும் ஐக்ராய்டு காட்டினார். புழுங்கல் அந்தக் குறையைத் தீர்க்காது. 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துதான் உண்டு. அதே அளவு கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல். சோற்றுக்கு வழியில்லாதவர் உணவென்று தாழ்த்தப்பட்ட கேழ்வரகுக் கூழில்தான் புழுங்கல் தராத அந்தச் சத்து இருந்தது.